சத்தம் மாறினால் எழுப்புவான் என்கிறீர்களே!

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். கள்ளக்குறிச்சிப் பக்கம் மரச்சிற்ப வேலை எங்கள் குடும்பத் தொழில். போன வருஷம் கடன் வாங்கி, கணினி சொல்படி மரத்தைச் செதுக்கும் சி.என்.சி. ரவுட்டர் மெஷின் போட்டேன். வெட்டும் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் 2.2 கிலோவாட், பிட்டைப் பிடிக்கும் கோலெட் ஈ.ஆர்.20 வகை. தலைவாசல் கதவுக்கான தேக்குப் பலகைகள்தான் முக்கிய வேலை. 900-க்கு 450 மி.மீ. பலகை ஒன்றுக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. கடைசி நயவேலையான ஃபினிஷிங்குக்கு ஆர் 0.25 (முனை ஆரம் 0.25 மி.மீ.) டேப்பர் பால் நோஸ் என்ற உருண்டை முனை பிட், கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளியான ஸ்டெப் ஓவர் 0.1 மி.மீ. வைக்கிறேன். மெஷினோடு வந்தது கால் இஞ்ச் கோலெட். கடையில் கிடைக்கும் பிட்டுகள் 6 மி.மீ. என்பதால் செப்புத் தகடு சுற்றி மாட்டுகிறேன். ஒரே மாதத்தில் மூன்று பிட் உடைந்துவிட்டது. சில பலகைகளில் கடைசிப் பக்கம் ஒன்றரை மி.மீ. கூடுதல் ஆழமாகப் போகிறது. பன்னிரண்டு பிட் கொண்ட செட் ஒன்று சொல்கிறார்கள், வாங்கலாமா? அப்பாவின் கை ரவுட்டரில் போடும் அரை இஞ்ச் பிட்டுகளை இதில் மாட்ட அடாப்டர் கிடைக்குமா? ராத்திரி ஓட்டத்தைப் பத்தாவது படிக்கும் மகன் பார்த்துக்கொள்கிறான். பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துக்கொள்வான், சத்தம் மாறினால் என்னை எழுப்புவான். அதனால் ஆள் பிரச்சினை இல்லை.

பதில்: தம்பி, பிட்டைப் பற்றி ஏழெட்டு வரி எழுதிவிட்டு, கடைசியில் மகனைப் பற்றி ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். உங்கள் பிரச்சினை அந்த வரியில்தான் இருக்கிறது.

சத்தம் ஏன் மாறும் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? பிட் முனை மழுங்கி மரத்தை வெட்டாமல் தேய்க்கும்போது மாறும். கோலெட் பிடி தளரும்போது மாறும். பிட் விரிசல் விட்டு உடையப்போகும்போது மாறும். அந்த நொடியில் அதற்கு மிக அருகில் இருப்பவன் உங்கள் மகன், அதுவும் அரைத் தூக்கத்தில். பாய் மேஜை மட்டத்துக்குக் கீழே கிடப்பதால் இதுவரை தப்பியிருக்கிறான். உங்களை எழுப்ப எழுந்து நிற்கும்போது அவன் முகம் ஸ்பிண்டிலுக்கு நேராக வரும்.

கடிதத்தில் உங்கள் மனைவி ஓரிடத்திலும் இல்லை. பிள்ளை மரத்தூளில் படுத்து எழுந்து பள்ளிக்கூடம் போவதைப் பற்றி அவர் என்ன சொல்கிறார்? கேட்டிருக்க மாட்டீர்கள், கேட்டிருந்தால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-லேயே வைத்துவிட்டது. மூக்கிலும் மூக்கை ஒட்டிய எலும்புக் குழிகளிலும் வரும் புற்றுநோய் அது. நுண்ணிய தூள் மெஷின் நின்ற பிறகும் வெகுநேரம் காற்றிலேயே மிதக்கும். மாஸ்க் போட்டுக்கொண்டு எந்தப் பிள்ளையும் தூங்காது.

மகன் தொழிலைக் கற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் கற்கட்டும். விடுமுறை நாளில், பகலில், நீங்கள் பக்கத்தில் நிற்க, கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு கற்கட்டும். கடன் தவணைக்காக ராத்திரி காவல் காப்பது கற்றல் ஆகாது. கடன் வாங்கியவர் நீங்கள், விழித்திருக்க வேண்டியவரும் நீங்கள்தான்.

இனி, ராத்திரி ஏன் ஓட்டவேண்டி வருகிறது என்று பார்ப்போம். நீங்களே கொடுத்த எண்களில் பதில் இருக்கிறது. 450 மி.மீ. அகலத்தை 0.1 ஸ்டெப் ஓவரில் கடக்க 4,500 கோடுகள். ஒவ்வொன்றும் 0.9 மீட்டர் என்றால் 4,050 மீட்டர். பிட் நகரும் வேகமான ஃபீட் நிமிடத்துக்கு 2 மீட்டர் என்று வைத்தாலும் முப்பத்து மூன்றே முக்கால் மணி நேரம். இவ்வளவு நுணுக்கம் தலைவாசல் கதவுக்கு எதற்கு? அதைக் கைநீட்டும் தூரத்தில் நின்று பார்ப்பார்கள், அதற்கு முன் நீங்களே உப்புத்தாள் போட்டு, பாலிஷ் அடித்துவிடுவீர்கள்.

ஃபினிஷிங்குக்கு ஆர் 1 டேப்பர் பால் நோஸ் போடுங்கள். முனையின் விட்டம் 2 மி.மீ. ஸ்டெப் ஓவர் 0.3, ஃபீட் நிமிடத்துக்கு 3 மீட்டர். 1,500 கோடுகள், 1,350 மீட்டர், ஏழரை மணி நேரம். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே நிற்கும் வரப்பின் உயரம் என்ன ஆகும் என்று பயப்படாதீர்கள். ஸ்டெப் ஓவரின் வர்க்கத்தை முனை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் அது கிடைக்கும். 0.09-ஐ 8-ஆல் வகுத்தால் 0.011 மி.மீ. 180 நம்பர் உப்புத்தாளில் இரண்டு இழுப்பு போதும். முகம், விரல், நகை மாதிரி நுணுக்கமான இடங்களை மட்டும் தனியே எல்லை போட்டு ஆர் 0.5 பிட்டில் 0.15 ஸ்டெப் ஓவரில் ஓட்டுங்கள். ஃபீட் நிமிடத்துக்கு 2 மீட்டர் என்றால் 150 மி.மீ. சதுரம் ஒன்றுக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். ஆர் 0.25 எழுத்து வேலைக்கும் சின்னப் பதக்கத்துக்கும் உரியது. தேக்கில் சிலிக்கா உண்டு. அரை மி.மீ. விட்டமுள்ள முனையை அதில் முப்பது மணி நேரம் இழுத்தால் பாதியிலேயே மழுங்கிவிடும், மிச்சப் பலகை முழுவதும் தேய்ப்புதான்.

அதற்கு முன்னால் ரஃபிங், அதாவது முதல் கட்ட முரட்டுச் செதுக்கல், ஒழுங்காக நடக்க வேண்டும். இரண்டு வெட்டு விளிம்பும் தூளை மேலே தள்ளும் சுருளும் உள்ள 6 மி.மீ. அப்கட் கார்பைடு பிட், ஒரு அடுக்குக்கு 3 மி.மீ. ஆழம், 2.4 மி.மீ. ஸ்டெப் ஓவர், ஃபினிஷிங்குக்கு அரை மி.மீ. மரம் விட்டுவையுங்கள். ஸ்பிண்டிலை நிமிடத்துக்கு 24,000 சுற்றில் ஓட்டி ஃபீடைக் குறைத்து வைப்பது பலரும் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிற தப்பு. 24,000 சுற்றில் நிமிடத்துக்கு 1 மீட்டர் என்றால் ஒவ்வொரு வெட்டுக்கும் 0.02 மி.மீ. மரம்தான் கிடைக்கிறது. கத்தி கடிக்காது, உரசிச் சூடேறும். 18,000 சுற்று, 3,600 மி.மீ. ஃபீட் வையுங்கள், வெட்டுக்கு 0.1 மி.மீ. வரும். மெஷின் அதிர்ந்தால் ஆழத்தைக் குறையுங்கள், ஃபீடைக் குறைக்காதீர்கள். விழுவது மாவாக இருந்தால் தப்பு, கையில் எடுத்தால் சுருளாகத் தெரிந்தால் சரி. கத்தி உரசும் சூட்டில் கனன்ற பொறி தூள் உறிஞ்சும் பைக்குள் போய் மணிக்கணக்கில் புகைந்துவிட்டுப் பிறகு பற்றும். ராத்திரி ஆளில்லாமல் ஓடும் பட்டறைகளில் நெருப்பு இப்படித்தான் பிடிக்கிறது.

ரஃபிங்கும் நுணுக்க வேலையும் சேர்த்து ஒரு பலகைக்குப் பதினொரு மணி நேரம் என்று கணக்கு வரும். வளைவுகளில் மெஷின் தானே வேகம் குறைப்பதால் ஒன்றிரண்டு மணி கூடலாம். முதல் நாள் மதியம் ரஃபிங் முடித்து நிறுத்துங்கள். மறுநாள் காலை டூல் மாற்றி ஃபினிஷிங். வேலையை நிறுத்த டூல் மாற்றும் இடத்தை விட நல்ல இடம் இல்லை.

செப்புத் தகடு விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கே அதை எடுத்து வீசுங்கள். கால் இஞ்ச் என்பது 6.35 மி.மீ., உங்கள் பிட்டின் காம்பான ஷேங்க் 6 மி.மீ. இடைவெளியைத் தகட்டால் அடைத்தால் பிட் மையத்தில் நிற்காது, ஒரு பக்கம் ஒதுங்கும். இரண்டு வெட்டில் ஒன்றே முழுப் பாரத்தையும் சுமக்கும். மூன்று பிட் உடைந்தது அதனால்தான். கடைசிப் பக்கம் ஆழம் கூடியதும் அதே காரணம்: அப்கட் பிட்டின் சுருள் மரத்தூளை மேலே தள்ளும்போது பிட்டைக் கீழே இழுக்கும். பிடி தளர்ந்திருந்தால் பிட் கொஞ்சம் கொஞ்சமாக கோலெட்டிலிருந்து இறங்கிவரும். சந்தேகம் இருந்தால் ஷேங்கில் கோலெட் முகத்தை ஒட்டி மார்க்கரால் ஒரு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். முடிவில் கோடு கோலெட் முகத்தை விட்டு விலகியிருந்தால் பிட் வழுக்கியிருக்கிறது.

6 மி.மீ. ஈ.ஆர்.20 கோலெட் நல்ல தரத்தில் இரண்டு வாங்குங்கள், ஒன்று கையிருப்பு. அந்த 6.35-ஐ கால் இஞ்ச் ஷேங்குக்கு மட்டும் வைத்திருங்கள். மாட்டும் முறையும் முக்கியம். முதலில் கோலெட்டை நட்டுக்குள் சாய்த்து அழுத்தி, டக் என்று உட்கார வையுங்கள், அதன் பிறகே ஸ்பிண்டிலில் ஏற்றவேண்டும். ஸ்பிண்டிலில் கோலெட்டை வைத்துவிட்டு மேலே நட்டைத் திருகினால் கோணலாக நிற்கும், கழற்றும்போது வெளியே வராது. 31.5 மி.மீ. நீளக் கோலெட்டில் ஷேங்க் மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே போகவேண்டும், ஆனால் வெட்டு ஆரம்பிக்கும் பள்ளம் பிடிக்குள் போகக் கூடாது. பிட் இல்லாமல் நட்டை இறுக்காதீர்கள், கோலெட் சிதைந்துவிடும். பிட் மாற்றும்போதெல்லாம் கோலெட்டின் கீறல்களில் ஒட்டிய பிசினைப் பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்பிண்டிலின் கூம்பை உலர்ந்த துணியால் துடையுங்கள். எண்ணெய் போடவே கூடாது. நாள் முழுக்க ஓடும் மெஷினில் கோலெட்டும் தேயும் பொருள்தான். 400 முதல் 600 மணி நேர ஓட்டத்தில் புதிது போடுவது வழக்கம்.

அப்பாவின் அரை இஞ்ச் பிட்டுகளுக்கு அடாப்டரே தேவையில்லை. ஈ.ஆர்.20 13 மி.மீ. வரை பிடிக்கும், 12.7-க்கான கோலெட் தனியே கிடைக்கும். ஆனால் பிடிப்பதால் ஓட்டலாம் என்று ஆகாது. பேரிங் வைத்த பிட்டுகள் பலவற்றுக்கு அடிமுனையில் வெட்டு கிடையாது. அவற்றை நேராக மரத்துக்குள் இறக்கினால் எரியும் அல்லது உடையும். பெரிய விட்டம் உள்ளவை மெதுவாகச் சுற்றவேண்டியவை. 50 மி.மீ. பிட் 18,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு நொடிக்கு 47 மீட்டர் போகும், மணிக்கு 170 கிலோமீட்டர். அதிலிருந்து ஒரு கார்பைடு துண்டு பெயர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சுற்றைக் குறைத்தால் இந்த வகை ஸ்பிண்டிலுக்குச் சக்தியும் குறையும். 12,000-இல் 2.2 கிலோவாட் சுமார் 1.1 ஆகிவிடும், தேக்கில் திணறும். அவை அப்பாவின் கை ரவுட்டரிலேயே இருக்கட்டும். பிட்டை நீட்டிக்கொடுக்கும் எக்ஸ்டென்ஷன் அடாப்டரும் வேண்டாம். வெளியே நீட்டும் நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு.

பன்னிரண்டு பிட் செட் வேண்டாம். அதில் பாதி உங்களுக்குப் பயன்படாது, பயன்படும் பிட் உடைந்தால் மாற்று இருக்காது. 6 மி.மீ. அப்கட் இரண்டு, ஆர் 1 டேப்பர் மூன்று, ஆர் 0.5 இரண்டு, எழுத்துக்கு 60 டிகிரி வி பிட் ஒன்று, ப்ளைவுட் அறுக்க கம்ப்ரெஷன் பிட் ஒன்று. எல்லாம் 6 மி.மீ. ஷேங்கில், எல்லாம் கார்பைடில். இதுவரை உடைத்த பிட்டுகளுக்கும் கெட்டுப்போன தேக்குக்கும் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவு இல்லை.

கோலெட் வந்து சேரும் வரை மெஷின் ஓடவேண்டாம். கதவுக்குச் சொன்ன தேதி தள்ளிப்போகும் என்று வாடிக்கையாளரிடம் நீங்களே பேசுங்கள். பாயை இன்றைக்கே வீட்டுக்குள் எடுத்துப் போங்கள். மகனிடமும் நேராகச் சொல்லுங்கள், இனி ராத்திரி மெஷின் ஓடாது என்று. இல்லாவிட்டால் அவன் பாதி ராத்திரியில் சத்தம் கேட்கிறதா என்று எழுந்து பார்த்துக்கொண்டே இருப்பான்.