தையல் பிரித்தாயிற்று, துணி பிழியலாமா?

கேள்வி: வயது 38. வலது கையில் கார்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவது) அறுவை சிகிச்சை செய்து 15 நாள் ஆகிறது. நேற்று முன்தினம் தையல் பிரித்தார்கள். விரல் மரமரப்பு போய்விட்டது. ஆனால் உள்ளங்கையின் அடியை ஊன்றினால் வலிக்கிறது. வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை. எப்போது பழையபடி வேலை செய்யலாம்?

பதில்: தையல் போட்டது தோலுக்கு மட்டும்தான். மணிக்கட்டின் குறுக்கே பெல்ட் மாதிரி கிடந்த நார்ப்பட்டையை வெட்டித்தான் நரம்புக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அதை யாரும் திரும்பத் தைப்பதில்லை. அந்த இடைவெளியில் தழும்பு வளர்ந்து உறுதிப்பட 6 வாரமாவது பிடிக்கும். நீங்கள் சொல்லும் ஊன்றல் வலி பலருக்கும் வருவதுதான். பெரும்பாலும் 3 மாதத்துக்குள் தணியும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் இழுக்கும்.

இந்த 6 வாரத்தில் கனத்தைவிட முறுக்கல்தான் மோசம். மணிக்கட்டை உள்பக்கம் மடக்கி இறுக்கிப் பிடித்தால், விரல் நாண்கள் (விரலை மடக்கும் தசைநார்கள்) அந்த இளம் தழும்பை உள்ளிருந்து நெட்டித் தள்ளும். துணி பிழிவது, சப்பாத்தி மாவு பிசைவது, தேங்காய் துருவுவது, குக்கர் மூடியைத் திருகுவது எல்லாம் இந்த வகைதான். எல்லாவற்றிலும் மோசம் இடுக்கி. குழம்புச் சட்டியின் முழுக் கனமும் கட்டைவிரலின் அடியில் வந்து இறங்கும். இரண்டு காதும் உள்ள பாத்திரத்துக்கு மாறுங்கள்; இறக்குவது வேறு யாராவது செய்யட்டும். தோசை திருப்பலாம், காய் அரியலாம் (பூசணி வேண்டாம்), கையால் பிசைந்து சாப்பிடலாம். அரை லிட்டர் பால் பாக்கெட் தூக்கலாம், தண்ணீர்க் குடம் கூடாது.

குழந்தை 10 கிலோவாவது இருக்கும். அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். நீங்கள் கீழே உட்கார்ந்து அதையே மடியில் ஏறவிடுங்கள். தூக்கியே ஆக வேண்டுமென்றால் இடது இடுப்பில், இடது கையால். வலது முன்கை முதுகுக்கு அணை மட்டும்.

அதற்காகக் கையைக் கழுத்தில் மாட்டும் தூளியில் போட்டே வைக்காதீர்கள். தோள் இறுகிப்போகும், சர்க்கரை இருந்தால் இன்னும் சீக்கிரம். விரல்களை நேராக நீட்டுங்கள், கொக்கிபோல் மடக்குங்கள், பிறகு இறுக்காமல் முஷ்டி பிடியுங்கள். ஒவ்வொன்றும் 10 தடவை, நாளைக்கு 4 வேளை. சாயங்காலம் விரல்கள் உப்பினால் பகலில் கை அதிகம் தொங்கியிருக்கிறது என்று அர்த்தம். தலையணைமேல் உயர்த்தி வையுங்கள்.

காயத்தில் பொருக்கோ ஈரமோ இல்லையென்றால் தழும்பைத் தேய்த்துவிடத் தொடங்கலாம். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு போதும். நிறைய ஊற்றினால் விரல் வழுக்குமே தவிரத் தழும்பு அசையாது. தோல் வெளிறும் அளவு அழுத்தி, விரலோடு தோலும் சேர்ந்து நகரும்படி சின்னச் சின்ன வட்டமாக 5 நிமிடம், நாளைக்கு 3 தடவை. இப்படிச் செய்யாவிட்டால் தழும்பு அடியில் ஒட்டிக்கொண்டு, விரலை நீட்டும்போதெல்லாம் சுருக்கென்று இழுக்கும்.

ஸ்கூட்டரில் ஆக்ஸிலரேட்டரும் முன் பிரேக்கும் வலது கையில்தான். வண்டியை நிறுத்தி வைத்தே பிரேக்கைச் சட்டென்று பிடித்துப் பாருங்கள். முகம் சுளித்தால் இன்னும் நாளாகவில்லை.

சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு, காயம் பிளப்பது, மரமரப்பு திரும்ப வருவது, கை பளபளவென்று வீங்கித் தொட்டாலே எரிவது: இதில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திராமல் அன்றைக்கே அறுவை செய்த மருத்துவரிடம் காட்டுங்கள். மேலே சொன்ன கணக்கைவிட அவர் கூடுதல் நாள் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.