64 வயது அம்மாவால் இனிமேல் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள முடியுமா?

தாராளமாக முடியும் தம்பி. எனக்கு இப்போது 69. கம்ப்யூட்டர் முன்னால் முதன்முதலாக உட்கார்ந்தபோது 65.

"எத்தனை தடவை சொன்னாலும் அம்மாவுக்கு மனதில் நிற்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பத்தாவது நிமிடத்தில் மவுஸை நீங்களே வாங்கிச் செய்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். என் மகனும் அப்படித்தான். அவனைக் குறை சொல்லவில்லை, ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? ஆனால் "இதோ பாரும்மா" என்று அவன் மளமளவென்று நாலு இடத்தில் தட்டிவிட்டுப் போனால் எனக்கு ஒன்றும் ஏறாது. கை பழகினால்தான் வரும்.

நான் அரசு அலுவலகத்தில் 31 வருஷம் தட்டச்சர். தட்டச்சுத் தேர்வில் தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர் இரண்டும் பாஸ். "அம்மாவுக்கு ஈஸியா இருக்கும்" என்று மகன் இங்கிலீஷ் எழுத்தில் அடித்துத் தமிழ் வரவைக்கும் முறையைப் போட்டுக் கொடுத்தான். இங்கிலீஷ் வழியாகத் தமிழுக்கு வருவது எனக்கு ஒப்பவில்லை. அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண்தான் தமிழ்99 விசைப்பலகை இருப்பதைச் சொன்னாள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு.

முதல் வாரம் சிரமம்தான். தட்டச்சு எந்திரத்தில் கொம்பை அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிப்போம். இங்கே எழுத்து முதலில், உயிர் பிறகு. "கெடு" என்று அடிக்கப் போனால் திரையில் "எகடு" என்று நிற்கும். வரி முடியும்போது இடது கை தானாக லீவரைத் தேடி மேலே போகும். மூன்றாவது வாரம் ஒரு நாள் அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு தட்டினேன். புள்ளி தானாக விழுந்து "அம்மா" என்று வந்தது. அந்தக் காலத்தில் புள்ளிக்குத் தனியாக ஒரு தட்டு தட்டுவோம். அன்றைக்கு ஒரு பக்கம் முழுக்க "அம்மா" என்றே அடித்தேன்.

இப்போது தினமும் இரண்டு மணி நேரம், இலவச இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். நாட்டுடைமையாக்கப்பட்ட புத்தகங்களை ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். இயந்திரம் படித்துக் கொடுத்த எழுத்தில் "ர" இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் (ா) இருக்கும், கால் இருக்க வேண்டிய இடத்தில் "ர" இருக்கும். பக்கத்தைப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்திச் சேமித்தால் அந்தப் பக்கத்தின் சிவப்பு அடையாளம் மஞ்சளாகும். வேறொருவர் சரிபார்த்தால் பச்சை.

இதைச் சொல்லும்போது ஒன்று மனதில் வருகிறது. அலுவலகத்தில் வரைவில் இருந்த சந்திப்பிழையைத் திருத்தி அடித்ததற்காக ஓர் அதிகாரி எல்லார் முன்னாலும், "டைப்பிஸ்ட் டைப் அடித்தால் போதும்" என்றார். எத்தனை கடிதங்களில் எத்தனை பேருடைய தமிழை நாங்கள் காப்பாற்றியிருப்போம்! கீழே கையெழுத்து அவர்களுடையது. எங்கள் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை. விக்கிமூலத்தில் நான் திருத்திய ஒவ்வொரு பக்கத்தின் வரலாற்றிலும் என் பயனர் பெயர் இருக்கிறது.

"உங்களுக்கு டைப்ரைட்டிங் தெரியும், எங்கள் அம்மாவுக்குத் தெரியாதே" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் என் எதிர்வீட்டு அக்கா எட்டாவது வரைதான் படித்தவர். சாலிடேர் சீட்டு விளையாடித்தான் மவுஸைப் பிடித்து இழுக்கப் பழகினார். பத்து நாளில் கை நடுக்கம் போய்விட்டது. இப்போது யூடியூபில் தனக்கு வேண்டிய கோயில் கச்சேரியைத் தானே தேடிக் கேட்கிறார்.

பண விஷயம் மட்டும் முதல் ஆறு மாதம் வேண்டாம். யார் போனில் கேட்டாலும் ஓடிபி சொல்லக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே கூப்பிட வேண்டிய எண் 1930, அதைக் கொட்டை எழுத்தில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள்.

அப்புறம், அம்மா எதற்காகக் கம்ப்யூட்டர் கேட்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லை. அதைக் கேட்டீர்களா? சமையல் குறிப்பா, தேவாரமா, பேரனோடு வீடியோவில் பேசவா? அதிலிருந்தே ஆரம்பியுங்கள். மவுஸ் அவர் கையிலேயே இருக்கட்டும்.