கண்புரை இருக்கும்போது காரின் கேமராவை நம்பலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. இரண்டு கண்களிலும் ஆரம்பநிலைக் கண்புரை. கண்ணாடி அணிந்தால் பார்வை 6/9 (நல்ல பார்வை உள்ளவர் 9 மீட்டரிலிருந்து படிப்பதை நான் 6 மீட்டரிலிருந்து படிக்கிறேன்). பகலில் சிரமமில்லை, இரவில் எதிரே வரும் வண்டிகளின் வெளிச்சம் கூசுகிறது. தானாக பிரேக் போடும், தடம் விலகினால் எச்சரிக்கும் கார் வாங்கினால், மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு இரவில் ஓட்டிச் செல்லலாமா?

பதில்: இப்போதைக்கு இரவில் ஓட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. 6/9 என்பது வெள்ளைப் பலகையில் உள்ள கறுப்பு எழுத்துகளை அமைதியாக உட்கார்ந்து படித்ததால் கிடைத்த அளவு. உரிமத்துக்காக எண் பலகையை 25 மீட்டரிலிருந்து படிக்கும் சோதனையும் நல்ல பகல் வெளிச்சத்துக்கானதே. இரவுச் சாலையிலோ, பின்விளக்கு எரியாத டிராக்டரும் இருண்ட நிற உடையில் குறுக்கே நடப்பவரும் இருட்டோடு இருட்டாகவே தெரிவார்கள். புரை படிந்த லென்ஸ் ஹெட்லைட்டின் ஒளியைக் கண்ணுக்குள் சிதறடிப்பதால், அந்த மங்கலான உருவங்களும் சில நொடிகள் மறைந்துபோகின்றன, 80 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குள் கார் 22 மீட்டர் ஓடிவிடும்.

நீங்கள் சொல்லும் வசதிகள் உண்மையிலேயே பயனுள்ளவை. முன்புற ரேடாருக்கு இருட்டு ஒரு தடையல்ல. ஆனால், சாலைக் கோடுகளைக் கண்டறிவது முன்கண்ணாடிக்குப் பின்னாலுள்ள கேமராதான். கனமழை, மூடுபனி, நேர் எதிரே வரும் வெளிச்சம், அழிந்துபோன கோடு என உங்கள் கண் தடுமாறும் அதே இடங்களில் அதுவும் தடுமாறக்கூடும். கண்ணும் கேமராவும் ஒருசேரக் கைவிடும் அந்த நேரத்தை நினைத்துத்தான் அஞ்சுகிறேன்.

ஆகவே காருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், கண் மருத்துவரிடம் ஒளிக்கூச்சத்துக்கும் மங்கலான எழுத்துகளைப் பிரித்தறியும் திறனுக்கும் சோதனை செய்யச் சொல்லுங்கள். கண் அழுத்த நோய் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது. அதில் பக்கவாட்டுப் பார்வை குறைந்தாலும், விடுபட்ட பகுதியை மூளையே நிரப்பிக்கொள்வதால் நோயாளிக்குத் தெரிவதில்லை.

புரை முற்றட்டும் என்று காத்திருக்கும் காலம் மலையேறிவிட்டது. இரவுப் பயணம் உங்களுக்குத் தவிர்க்க முடியாதது என்றால், அதுவே அறுவை சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் பேசப் போதுமான காரணம். அந்தச் சிகிச்சையில் கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை லென்ஸைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, இரவில் கார் ஓட்டுபவர் நீங்கள் என்பதை அவரிடம் அவசியம் சொல்லுங்கள். தூரம், கிட்டம் இரண்டையும் காட்டும் பல்குவிய லென்ஸ் பொருத்திய சிலருக்கு இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதுண்டு.