நகையை அடகு வைக்கலாமா, இரண்டு ஆண்டுகள் காத்திருக்கலாமா?

கேள்வி: திருமணமாகி ஆறு ஆண்டுகளாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. எனக்கு 38 வயது, மனைவிக்கு 35. தனியார் மருத்துவமனை ஒன்றில் மனைவிக்கு எல்லாப் பரிசோதனைகளும் எடுத்துவிட்டு, ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) செய்துகொள்ளச் சொல்கிறார்கள். ஒருமுறைக்கு ₹2 லட்சமாம். இருவரின் சம்பளமும் சேர்ந்து மாதம் ₹75,000. வைப்புநிதி ₹3 லட்சம், மனைவியின் நகை 20 பவுன், ₹5 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடு ஆகியவை இருக்கின்றன. நகையை அடகு வைக்கலாமா, இரண்டு ஆண்டுகள் சேமித்துவிட்டுத் தொடங்கலாமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம். 35 வயதுக்கு மேல் கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும். அந்த இழப்பை எந்த வட்டியும் ஈடுகட்டாது.

அதற்காக நாளைக்கே பணம் கட்டிவிடவும் வேண்டாம். மனைவிக்குப் பரிசோதனை முடிந்தது என்கிறீர்கள், உங்களுக்கு? குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அதைப் பார்க்காமல் ₹2 லட்சம் செலவழிப்பது நியாயமே இல்லை. காரணம் இன்னதென்று தெரிந்தால் சிலருக்கு மாத்திரையோ விந்தணுக்களை நேரடியாகக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. முறையோ போதும். உறவினர்களின் கேள்விகளை உங்கள் மனைவி மட்டும் தாங்கிக்கொண்டிருந்தால், அதை மாற்றவும் இந்தப் பரிசோதனை உதவும். இந்த வாரமே செய்துகொள்ளுங்கள்.

காப்பீட்டை நம்ப வேண்டாம். பெரும்பாலான தனிநபர் பாலிசிகளில் குழந்தையின்மை சிகிச்சை விலக்குப் பட்டியலில்தான் இருக்கிறது. அலுவலகக் குழுக் காப்பீடு இருந்தால் அதை மட்டும் கேட்டுப் பாருங்கள், சில நிறுவனங்கள் ஓரளவு தருகின்றன.

₹2 லட்சம் என்று சொன்னவர்களிடம் அதில் எவையெல்லாம் அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஊசி மருந்துகள், கருவை உறையவைத்தல், அதற்கான ஆண்டு வாடகை, பிறகு கருவைக் கருப்பையில் வைத்தல் என்று தனித்தனியாகக் கட்டணம் வரலாம். முதல் முறையிலேயே பலன் கிடைக்காதவர்களே அதிகம். எனவே இரண்டு முறைக்கு, அதிகபட்சம் ₹5 லட்சம் என்று இப்போதே இருவரும் பேசி எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். நடுவில் நின்றுகொண்டு அந்த முடிவை எடுப்பது மிகவும் கடினம்.

முதல் முறைக்கு வைப்புநிதியில் ₹2 லட்சம் எடுங்கள். மீதி ₹1 லட்சத்தைத் தொடாதீர்கள், அது உங்கள் அவசர நிதி. மேலும் தேவைப்பட்டால் அப்போது வங்கியில் நகைக்கடன் வாங்கலாம். தனிநபர் கடனைவிட வட்டி பொதுவாகக் குறைவு, 20 பவுனையும் வைக்க வேண்டியிருக்காது. மருத்துவமனை தரும் ‘வட்டியில்லாத் தவணை’யில் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். நகை மனைவியுடையது, அதை வைப்பதா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும்.

தனியாரிடம் பணம் கட்டும் முன் எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனையில் என்ன சிகிச்சை கிடைக்கும் என்று நேரில் விசாரியுங்கள். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய்விடலாம்.

எந்தச் சிகிச்சை மையமானாலும் 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றதா என்று பாருங்கள். வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு, தத்தெடுக்கும் வழி ஆகியவற்றைச் சொல்லி ஆலோசனை தருவது அச்சட்டப்படி மையத்தின் கடமை. இருவரும் சேர்ந்தே அதில் உட்காருங்கள். மனநல ஆலோசகரிடம் தனியாகப் போக வேண்டியிருந்தால், அந்தக் கட்டணத்தையும் ஊசி போடும் நாள்களில் மனைவிக்கு ஏற்படும் சம்பள இழப்பையும் ₹5 லட்சத்துக்குள்ளேயே கணக்கிட்டு வையுங்கள்.