முன்பணம் கட்டும் முன் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்

கடலோரக் குடிலும் தனி ஹாட் டப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கல்யாண நாளுக்கு நானும் கணவரும் மூன்று இரவு கடலோரத்தில் தங்கலாம் என்றிருக்கிறோம். வேலை, வீடு என்று ஓடி ஓடி அலுத்துவிட்டது. வாசலில் ஹாட் டப் (குமிழி விடும் வெந்நீர்த் தொட்டி), எதிரே கடல் என்று படத்தில் எல்லாக் குடிலுமே அழகாக இருக்கிறது. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: படத்தை ஓரமாக வைத்துவிட்டு, அதில் தெரியாததைக் கேளுங்கள். தொட்டி உங்கள் குடிலுக்கு மட்டும்தானா, பக்கத்துக் குடிலோடு பங்கா? உங்களுக்கே என்றாலும் நடைபாதையில் போகிறவர் கண்ணில் படாதபடி மறைப்பு உண்டா? தொட்டிக்குள் உட்கார்ந்தால் கண் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில் கேமராவைப் பிடித்து நாலு பக்கமும் சுற்றி ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நின்றால் தெரியும் கடல், உட்கார்ந்ததும் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் போய்விடும் இடங்கள் உண்டு.

அடுத்தது காற்று. கடற்கரையில் காற்று ஓயாது. திறந்த தொட்டியில் காற்று அடிக்க அடிக்க நீர் ஆவியாகிச் சூடு இறங்கும். ஹீட்டர் ஓடிக்கொண்டே இருந்தும் தண்ணீர் வெதுவெதுப்பிலேயே நிற்கும். காற்றுத் தடுப்பும் நல்ல கனமான மூடியும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இரவில் எத்தனை மணி வரை பயன்படுத்தலாம் என்பதையும் கேட்டுவிடுங்கள். மோட்டார் சத்தம் பக்கத்தில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யும் என்று சில இடங்களில் நேரம் வைத்திருக்கிறார்கள். நட்சத்திரம் பார்த்தபடி ஊறலாம் என்று போனவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

கரையில் நடக்கும் ஆசை இருந்தால் அந்தத் தேதிகளின் ஓத அட்டவணையையும், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களையும் பாருங்கள். பெரும்பாலான கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை நீர் ஏறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் மிக அதிகம். மணற்பரப்பு குறுகலான இடமென்றால் அந்த நேரத்தில் நடக்கவே இடமிருக்காது.

கேள்வி: நாங்கள் பார்த்த இடத்தில் காலை 11 மணிக்கு செக்-அவுட், மதியம் 3 மணிக்கு செக்-இன். "நீங்கள் வரும்போதே தொட்டி சூடாகத் தயாராக இருக்கும்" என்கிறார்கள். நல்ல சேவைதானே?

பதில்: நல்ல சேவையாக இருக்கலாம். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு பேர் உட்காரும் தொட்டியில் 1200 லிட்டர் தண்ணீர் என்று வைப்போம். 20 டிகிரியில் இருக்கும் குழாய்த் தண்ணீரை 38 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 25 யூனிட் மின்சாரம் வேண்டும். 3 கிலோவாட் ஹீட்டர் இருந்தால் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலி செய்யவும், கழுவவும், நிரப்பவும் ஆகும் நேரம் தனி. இருப்பதோ நாலு மணி நேரம். ஆக, பாய்லரிலிருந்து நேரடியாக வெந்நீர் நிரப்புகிறார்கள், அல்லது போன குடும்பம் குளித்த தண்ணீரிலேயே உங்களையும் இறக்குகிறார்கள். இரண்டில் எது என்று தயங்காமல் கேளுங்கள். "ஒவ்வொரு விருந்தினருக்கும் தண்ணீரை முழுக்க மாற்றுகிறீர்களா? நாலு மணி நேரத்தில் எப்படிச் சூடேற்றுகிறீர்கள்?" ஒழுங்காக நடத்துகிறவர் இதற்குச் சட்டென்று பதில் சொல்வார்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 20 முதல் 45 டிகிரி வரையான நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். ஹாட் டப்பின் சூடு சரியாக அந்த வரம்புக்குள் வருகிறது. தொட்டிக்குள் நீரைப் பீய்ச்சும் குமிழி ஜெட்டுகள் அந்த நீரைப் பனிபோல் காற்றில் தெளிக்கும். அதை மூச்சில் இழுத்தால் கடுமையான நிமோனியா வரலாம். 1999 பிப்ரவரியில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பல் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில், விற்பனைக்காகக் காட்சிக்கு வைத்து ஓடவிட்டிருந்த தொட்டியிலிருந்து இது பரவியது. குறைந்தது 32 பேர் இறந்துபோனார்கள். அவர்கள் தொட்டியில் குளித்தவர்கள் அல்ல, கண்காட்சியைப் பார்க்க வந்தவர்கள். பிரிட்டனில் இதற்கான அரசு வழிகாட்டி, வாடகைக் குடிலில் உள்ள தொட்டியையும் தொழில்முறைத் தொட்டியாகவே கருதுகிறது. ஒவ்வொரு குழுவும் போனபின் நீரை மாற்ற வேண்டும் என்கிறது.

போய்ச் சேர்ந்ததும் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டியின் உள்சுவரில் விரலால் தேயுங்கள். வழவழவென்று பாசி போல் வழுக்கினால் சரியாகக் கழுவவில்லை. ஜெட்டை ஓடவிட்டு ஐந்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். அழுக்குச் சவ்வோ பிடிவாதமான நுரையோ வந்தால் குழாய்க்குள் அழுக்கு இருக்கிறது. மூக்கைத் துளைக்கும் குளோரின் நெடி அடித்தால் மருந்து தாராளமாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். குளோரின் வியர்வையோடும் அழுக்கோடும் சேர்ந்து தீர்ந்துபோகும்போதுதான் அந்த நெடி வரும். மலிவான டெஸ்ட் ஸ்ட்ரிப் ஒரு பாக்கெட் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் நனைத்து, டப்பாவில் இருக்கும் நிறப்பட்டையோடு ஒப்பிட்டால் போதும். குளோரின் குறைந்தது 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3 பங்கு), நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்க வேண்டும். குளோரினுக்குப் பதில் புரோமின் என்ற கிருமிக்கொல்லி போடும் தொட்டியென்றால் 4 முதல் 8 பிபிஎம். குறைவாக இருந்தால் இறங்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், மூச்சு வாங்கல் வந்தால், ஹாட் டப்பில் இருந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நீச்சல் உடை மூடியிருந்த இடங்களில் அரிப்போடு சிவப்புப் பொரிகள் வந்தால் அதுவும் கெட்ட தண்ணீரின் வேலையாக இருக்கலாம். பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும், ஆனால் விடுதிக்குத் தெரியப்படுத்துங்கள். அடுத்து வருகிறவர்களுக்காவது உதவும்.

கேள்வி: குடும்பமாகப் போகிறோம். அம்மாவுக்கு பிபி, அண்ணி மூன்று மாதக் கர்ப்பம், பையனுக்கு நாலு வயது. எல்லோரும் இறங்கலாமா?

பதில்: அண்ணியும் பையனும் வேண்டாம். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் உடற்சூடு கூடினால் குழந்தையின் மூளை, தண்டுவட வளர்ச்சி பாதிக்கப்படும் அபாயம் உண்டு. ஐந்து வயதுக்குக் கீழ் இருக்கும் குழந்தைகளின் உடல் சீக்கிரமே சூடேறிவிடும். அம்மா தன் டாக்டரைக் கேட்ட பிறகு இறங்கட்டும். வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் கூடுதல். யாராக இருந்தாலும் 40 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது, குடித்துவிட்டு இறங்கக் கூடாது.

பெரிய பிள்ளைகள் இருந்தால் அடியில் மோட்டாருக்குத் தண்ணீரை இழுக்கும் உறிஞ்சுவாயின் மூடியைப் பாருங்கள். உடைந்தோ ஆடிக்கொண்டோ இருந்தால் யாரும் இறங்க வேண்டாம். 2002-ல் அமெரிக்காவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அந்த உறிஞ்சலில் சிக்கித் தொட்டிக்குள்ளேயே இறந்தாள். அவள் பெயரிலேயே 2007-ல் அங்கே பாதுகாப்புச் சட்டம் வந்தது. பயன்படுத்தாத நேரத்தில் தொட்டியின் மேல்மூடி பூட்டியிருக்க வேண்டும். பூட்டு இருக்கிறதா என்று புக்கிங்கின்போதே கேளுங்கள்.

கேள்வி: விறகு எரிக்கும் தொட்டியா, மின்சாரத் தொட்டியா?

பதில்: ஓய்வு மட்டும் போதும் என்றால் மின்சாரம். விறகுத் தொட்டியில் அடுப்பு மூட்டிச் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும், சூட்டைக் கட்டுப்படுத்துவதும் உங்கள் பொறுப்பு. ஆனால் அந்தப் புகை வாசமும் ஜெட் சத்தமில்லாத அமைதியும் சிலருக்கு மிகவும் பிடித்துப்போகும். விறகு வாடகையில் சேர்ந்ததா, தனிக் காசா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: புக்கிங் இணையதளத்துக்கு வெளியே நேரடியாகப் பணம் அனுப்பினால் தள்ளுபடி தருவதாக உரிமையாளர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார்.

பதில்: அனுப்பாதீர்கள். தளத்துக்கு வெளியே போன பணத்துக்குத் தளம் பொறுப்பேற்காது. வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பியதைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. கிரெடிட் கார்டில் கட்டினால், சொன்ன சேவை கிடைக்காதபோது வங்கி வழியாகத் திரும்பக் கேட்கவாவது ஒரு வழி இருக்கிறது. குடிலின் படங்களை கூகுளில் படத்தேடல் செய்தும் பாருங்கள். அதே படம் வேறு பெயரில், வேறு ஊரில் வந்தால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: போன மாதம் போய் வந்தோம். தங்கிய இரண்டு நாளும் ஹாட் டப் வேலை செய்யவில்லை. "அறை கொடுத்துவிட்டோமே, தொட்டி கூடுதல் வசதிதானே" என்று பணம் தர மறுக்கிறார்கள்.

பதில்: அந்தப் பேச்சை ஏற்காதீர்கள். தொட்டியைத் தலைப்பில் போட்டுத்தான் அந்தக் குடிலை விற்றிருக்கிறார்கள். அதே இடத்தில் தொட்டி இல்லாத குடிலுக்கு வாடகை குறைவு என்றால், அந்த வித்தியாசமே உங்கள் முதல் கோரிக்கை. இரண்டு இரவுக்கும் கணக்குப் போட்டு, தொகையைக் குறிப்பிட்டு, பதில் சொல்ல ஒரு கெடுத் தேதி வைத்து எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசி முடிக்க வேண்டாம். அங்கே இருந்தபோது புகார் சொன்ன மெசேஜ், தொட்டியின் திரையில் பிழை எண் காட்டிய படம் இருந்தால் சேருங்கள். தளம் வழியாக புக் செய்திருந்தால் தளத்துக்கும் அதே கடிதம் போகட்டும். பதில் வராவிட்டால் கார்டு வங்கி, அதன்பின் நுகர்வோர் குறைதீர் அமைப்பு. கார்டு புகாருக்குக் காலக்கெடு உண்டு, ஆகவே இந்த வாரமே வங்கியில் விசாரியுங்கள். "இணையத்தில் வாங்கியதை 14 நாளில் ரத்து செய்யலாமே" என்று யாராவது சொன்னால் நம்பி இருந்துவிடாதீர்கள். அந்த உரிமை உள்ள ஐரோப்பிய ஒன்றியத்திலேயே, தேதி குறித்து புக் செய்த தங்குமிடத்துக்கு அது பொருந்தாது. உங்கள் வழக்கு ரத்து அல்ல, சொன்னதைத் தரவில்லை என்பது. கடிதத்தில் அதையே முதல் வரியாக எழுதுங்கள். விளம்பரப் பக்கம் இன்னும் இணையத்தில் இருந்தால், கடிதம் அனுப்புவதற்கு முன்பே அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள்.