இங்கிலாந்தின் பழைய கிராம வாழ்க்கையை இன்றும் எங்கேயாவது பார்க்க முடியுமா?

லண்டனும் ஆக்ஸ்போர்டும் பார்த்தாயிற்று, பழைய கிராமம் ஒன்று பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை நிமித்தமாக நாட்டிங்ஹாமில் இருக்கிறேன். என் பதில்: இதே நாட்டிங்ஹாம்ஷையரில், டக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் லாக்ஸ்டன். கூரை வேய்ந்த வீடு, வாசலில் ரோஜாக் கொடி என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இங்கே பார்க்க வேண்டியது வயல்.

ஒரு காலத்தில் மத்திய இங்கிலாந்தில் பல ஊர்களைச் சுற்றி இரண்டு மூன்று பெரிய வெளிகள் இருந்தன. வேலி கிடையாது. குடியானவர் ஒவ்வொருவருக்கும் எல்லா வெளிகளிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீளத் துண்டுகள். ஒரு வெளியில் கோதுமை, இன்னொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு. வருடா வருடம் முறை மாறும். அப்புறம் நிலத்தைப் பிரித்து வேலி கட்டச் சட்டங்கள் வந்தன. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேல்! பொதுமேய்ச்சலை நம்பியிருந்த ஏழைகள் பாடு திண்டாட்டமானது.

லாக்ஸ்டன் எப்படித் தப்பியது? நிலம் மேன்வர்ஸ் பிரபு, ஸ்கார்பரோ பிரபு என இருவர் கையில் இருந்தது. இருவருக்கும் ஒத்துப்போகாததால் பாகப்பிரிவினை முடியவே இல்லை என்கிறார்கள். பெரிய மனிதர்களின் சண்டையால் ஊருக்கு நல்லது நடந்தது அபூர்வம்தான்.

மில் ஃபீல்டு, சவுத் ஃபீல்டு, வெஸ்ட் ஃபீல்டு என மூன்று வெளிகளிலும் இன்றும் குத்தகை விவசாயிகள் பயிர் செய்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்களின் ஊர் நீதிமன்றம். நவம்பர் கடைசியில் விவசாயிகளே ஜூரிகளாகக் கிளம்பி, கோதுமை விதைத்த வெளியைச் சுற்றி வருவார்கள். உழும்போது யாராவது தன் எல்லையைத் தாண்டி ஓரத்தையும் சேர்த்து உழுதிருந்தால் எல்லையில் மரமுளை அடித்துக் குறித்துக்கொள்வார்கள். ஒரு வாரம் கழித்து நீதிமன்றம் கூடி அபராதம் போடும். தொகை சொற்பம்தான், ஆனால் ஊர் முன்னால் பெயர் படிக்கப்படுகிறதே, அது உறைக்காதா? நம் ஊரில் வரப்பை வெட்டிய வழக்கு எத்தனை தலைமுறை இழுக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

1635இல் நில அளவையாளர் மார்க் பியர்ஸ் வரைந்த இந்த ஊரின் வரைபடம் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. துண்டு துண்டாக நிலத்தைக் காட்டுவதோடு, நடுவே ஏர் உழுகிறவர்களையும் வேட்டைக்காரர்களையும் குட்டிக் குட்டியாக வரைந்திருக்கிறார். ஆனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கிவிட்டதால், அந்தப் படத்தில் உள்ள மெல்லிய நாடாக்களை இன்று தேடாதீர்கள். நிலம் 1952இல் அரசுக்கும், 1981இல் அரச சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்கும், 2020இல் தோர்ஸ்பி எஸ்டேட் என்ற தனியார் பண்ணைக்கும் கைமாறியது. ஊர் நீதிமன்றம் மட்டும் இன்றும் கூடுகிறது.

போவதென்றால் ஜூன் மாதம் போங்கள். வெளிகளுக்கு நடுவே உழாமல் விட்ட புல்தரைகளில் காட்டுப்பூக்கள் நிறைந்திருக்கும். வடக்கே நார்மன் காலக் கோட்டை மேடும் உண்டு. மழை பெய்த மறுநாள் வேண்டாம். சரியான களிமண், ஷூ திரும்பக் கிடைக்காது.