நடுவில் நிற்கக் கூடாதா?

கேள்வி: கால்பந்தில் பெனால்டி அடிக்கும்போது கோல்கீப்பர் ஏன் எப்போதும் ஒரு பக்கமாகவே பாய்கிறார்?

பதில்: கல்லூரி அணியில் கோல் காத்தவன் நான், எனக்கு மிகவும் பிடித்த கேள்வி! இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை அலசி 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 29 சதவீதப் பந்துகள் நடுவிலேயே வந்தன. கோல்கீப்பர்கள் நடுவில் நின்றதோ வெறும் 6 சதவீதம். நின்றபோது மூன்றில் ஒரு பந்தைத் தடுத்தார்கள். பாய்ந்தபோது ஏழில் ஒன்றைத்தான். (நின்ற தருணங்கள் மிகக் குறைவு என்பதையும் மறக்கக் கூடாது.)

பாய்ந்து கோல் விட்டால் 'முயன்றார்' என்பார்கள். அசையாமல் நின்று விட்டால் 'மரம்போல் நின்றான்' என்று திட்டுவார்கள். அந்தப் பேச்சுக்கு அஞ்சித்தான் பாய்கிறார்கள். 1976 ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில், செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா பந்தை மெல்ல நடுவில் தூக்கிவிட்டது இந்தப் பழக்கத்தை நம்பித்தான். மேற்கு ஜெர்மனியின் செப் மையர் அதற்குள் பாய்ந்துவிட்டிருந்தார்.